ஜிப்சம் போர்டை ஏற்றி மூடுவதற்கு முன்

வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போடும்போது பெரிய தவறு, போர்டு வந்து இறங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மேல் தளத்தில் ஓதம் இருக்கும், மழைக்கு ஒரு மூலை கசியும். "சீலிங் போட்டால் மறைந்துவிடும்" என்று சொல்லி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஐப்பசி மழை வரும்வரைதான் அது மறைந்திருக்கும். இரண்டு கெட்டியான தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை அடைத்துச் செய்த பலகைதான் ஜிப்சம் போர்டு. தண்ணீர் பட்டால் தாள் ஊறி, பூஞ்சை பிடித்து, உள்ளே இருப்பது மாவாகிவிடும். அதனால் மொட்டை மாடிக் கசிவை முதலில் அடைத்து, ஒரு நல்ல மழையையும் பார்த்துவிட்டு சீலிங்குக்கு வாருங்கள். ஏசி டிரைன் குழாய் மேலே போகிறதா? மூடும் முன் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எங்கும் சொட்டாமல் வெளியே போகிறதா என்று பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைப் பலரும் செய்வதில்லை, எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது.

பச்சைத் தாள் ஒட்டிய போர்டைத் தண்ணீரே தொடாது என்று நம்புவதும் தவறு. அது காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். குளியலறைக் கூரைக்குப் போடலாம். ஷவர் தண்ணீர் நேராக அடிக்கும் சுவருக்கு ஆகாது.

அடுத்தது ஃபேன். கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்துதான் வர வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் பாரத்தைப் போர்டோ அதைத் தாங்கும் சேனலோ (போர்டை முடுக்கும் உலோகப் பட்டை) சுமக்காது. சீலிங் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ற நீளத்தில் ஃபேன் ராடு வாங்குங்கள். ஃபேன் வரும் இடத்தில் சேனல் குறுக்கே ஓடாதபடி முதல் நாளே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

சேனலில் மிச்சம் பிடிப்பதும் நடக்கிறது. 12.5 மி.மீ. போர்டுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு சேனல் வரவேண்டும். அதை இரண்டடியாக நீட்டினால் நடுவில் தொங்கத் தொடங்கும். ஸ்க்ரூவை சுமார் 23 செ.மீ.க்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். தலை தாளுக்குக் கொஞ்சம் உள்ளே அமுங்க வேண்டும், தாள் கிழியக் கூடாது. கிழிந்த இடத்தில் பிடிமானமே இல்லை. பக்கத்திலேயே இன்னொன்று அடிக்க வேண்டும்.

பெயின்ட் அடித்த சில மாதத்தில் நேர்கோடாக விரிசல் விழுந்தால், பெரும்பாலும் அது இரண்டு போர்டுகள் சேரும் மூட்டுதான். செங்கல் வரிசையைப் போல மூட்டுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்; நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் கூடக் கூடாது. மூட்டின் மேல் பேப்பர் டேப் ஒட்டி, அதற்கென்றே விற்கும் காம்பவுண்டைப் பூச வேண்டும். சுவருக்குப் பூசும் சாதாரண பட்டியை (புட்டி) மட்டும் இழுத்துவிட்டால் நிற்காது. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. இதில் அவசரம் வேண்டாம்.

பார்ட்டிஷன் சுவர் என்றால் போர்டு தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைக்கலாம். இல்லாவிட்டால் தினமும் துடைக்கும் தண்ணீரைத் திரி போல உறிஞ்சிக்கொள்ளும். டிவி மாட்டும் இடத்தில் உள்ளே பிளைவுட் வைக்கச் சொல்வதும் மூடும் முன்தான்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி. ஒயரும் சேனலும் வெளியே தெரியும்போதே, அளவு டேப்பைப் பிடித்தபடி ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளை புது விளக்குக்கு ஓட்டை போட வரும் எலக்ட்ரீஷியனுக்கு, ஒயர் எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் படம் காட்டிவிடும்.