ராணுவ வீடியோ கேமில் பசியும் தாகமும்: சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ வீடியோ கேம் ஒன்றில் உயிர்பிழைத்தல் அம்சங்களைச் சேர்க்கலாம் என்று முடிவானதும் பல குழுக்கள் முதலில் செய்வது, திரையின் ஓரத்தில் மூன்று பட்டைகளை வரைவதுதான்: பசி, தாகம், களைப்பு. நேரம் போகப் போக அவை குறையும். அடிமட்டத்தைத் தொட்டால் உயிர் போகும். இதற்கான நிரலை எழுதுவது எளிது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், விளையாடுபவருக்குப் போரோடு தொடர்பில்லாத ஒரு வேலை கூடுகிறதே தவிர, போர் ஒரு துளியும் கடுமையாகத் தெரிவதில்லை.

காரணம், இந்தப் பட்டைகள் வேறு வகை விளையாட்டிலிருந்து வந்தவை. ஆளில்லாத தீவில் ஒதுங்கியவனுக்கோ, உறைபனிக் காட்டில் வழி தவறியவனுக்கோ பொருந்துவதற்காக உருவானவை. சிப்பாய் அப்படித் தனித்து விடப்பட்டவன் அல்லன். அவனுக்குப் பின்னால் உணவு ஏற்றிய லாரி இருக்கிறது, பக்கத்தில் மருத்துவ உதவியாளர் இருக்கிறார், முதுகில் அளந்து கட்டிய பை இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஏதாவது ஒன்று அறுந்துபோகும்போதுதான் அவனுடைய உயிர்ப் போராட்டம் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதே நான் காணும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

கடிகாரம் பொருந்தாமல் போவது

நாற்பது நிமிடத்தில் முடியும் ஒரு மிஷனில் இரண்டு முறை சாப்பிட வேண்டியிருந்தால், வடிவமைப்பில் ஏதோ பிசகியிருக்கிறது. உணவில்லாமல் மனித உடல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீரில்லாமல் சுமார் மூன்று நாள். கடும் வெயிலில் சுமை தூக்கி நடக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். தொடையின் பெரிய தமனி அறுந்தாலோ சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இந்த அளவுகளை வைத்தே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்துவிடலாம். ஒரு சுற்று அரை மணி நேரம் என்றால் மூச்சு, இதயத்துடிப்பு, ரத்தக்கசிவு ஆகியவை போதும். பசியைத் தொடவே வேண்டாம். ஆட்டத்துக்குள் பல மணி நேரம் ஓடும் மிஷனில் தாகமும் வெப்பமும் குளிரும் நனைந்த உடையும் பொருள்படும். நாள்கணக்கில் நீளும் போர்த்தொடர் என்றால் உணவும் தூக்கமும் வரலாம். வாரக்கணக்கு என்றால் நோய். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஈரத்திலும் குளிரிலும் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகத் தொடங்கின. காலுறையை மாற்றுவதும் பாதங்களைச் சோதிப்பதும் அங்கே படை ஒழுங்கின் பகுதியாகவே ஆனது. உலர்ந்த காலுறையை ஒரு பொருளாகக் கொண்ட போர் விளையாட்டு அரிது. நாள்கணக்கில் நீளும் ஒரு விளையாட்டில் அதற்கு நிச்சயம் இடமுண்டு.

'டேஇசட்' மோடை (ஏற்கெனவே உள்ள விளையாட்டின் மீது கட்டிய மாற்று வடிவம்) சான்றாகக் காட்டி, பசி எங்கும் எடுபடும் என்று சிலர் வாதிடுவார்கள். 'ஆர்மா 2' என்ற ராணுவ விளையாட்டின் மீது 2012-இல் அந்த மோடை உருவாக்கியவர் நியூசிலாந்து ராணுவத்தில் இருந்த டீன் ஹால். புருனே காட்டில் பசியோடு அவர் கழித்த பயிற்சியிலிருந்து பிறந்த யோசனை அது. ஆனால் அங்கே எல்லை தெரியாத நிலப்பரப்பு இருந்தது, முடிவில்லாத நேரம் இருந்தது, மிஷன் என்ற ஒன்றே இல்லை. உணவு அடைத்த டப்பா ஒன்றுக்காக ஊருக்குள் போவதா வேண்டாமா என்பதே அங்கே ஆட்டம். அந்தச் சூழலை விட்டுவிட்டுப் பசியை மட்டும் பிடுங்கி நட்டால் அது வேர்பிடிக்காது.

தண்டனை மட்டும் இருந்து, தேர்வு இல்லாமல் போவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். தாகப் பட்டை குறைகிறது, விளையாடுபவர் புட்டியை எடுத்துக் குடிக்கிறார், பட்டை நிரம்புகிறது. இதில் அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தியதோடு சரி.

அதே தண்ணீருக்கு எடை கொடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5.56 மி.மீ. தோட்டாக்கள் முப்பது நிரப்பிய துப்பாக்கி மேகசின் ஏறக்குறைய அரை கிலோ. ஆக, ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமப்பவர் இரண்டு மேகசின்களை விட்டுச் செல்கிறார். இரண்டு நாள் ரோந்துக்குப் புறப்படும் முன் பை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் வடக்கே ஓர் ஓடை தெரிகிறது. அதில் தண்ணீர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நான்கு லிட்டர் எடுத்தால் ஓடைப்பக்கம் போகவே வேண்டாம், ஆனால் எட்டு மேகசின்களை விட்டுச் செல்ல வேண்டும். இரண்டு லிட்டர் எடுத்தால் சுட்டுச் சமாளிக்கலாம், ஆனால் மறுநாள் காலை ஓடைக்குப் போயே தீர வேண்டும். எதிரிக்கும் அந்த ஓடை தெரியும். இப்போது தாகம் என்பது பட்டை அல்ல. முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே விளையாடுபவர் எடுத்துவிட்ட ஒரு முடிவு. அதன் விளைவு மறுநாள் வெயில் ஏறும்போது வந்து சேர்கிறது.

இந்த இழுபறியைக் கெடுப்பவை வழக்கமாக மூன்று: எடையே இல்லாத பொருள்கள், அடிதோறும் கிடக்கும் தண்ணீர்ப் புட்டிகள், சாப்பிட்டதும் தோட்டாக் காயம் ஆறிவிடும் மாய உணவு. மூன்றாவதை உடனே நீக்கிவிடுங்கள். பிஸ்கட் தின்றால் காயம் ஆறும் உலகத்தில் மருத்துவருக்கு வேலை இல்லை.

காயத்தை மருந்துப் பட்டியலாக்குவது

எலும்பு முறிவுக்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, வெட்டுக்கு ஒன்று என்று பன்னிரண்டு பொருள்களைப் பையில் அடைத்துவிட்டு அதை யதார்த்தம் என்பவர்கள் உண்டு. 2004-இல் வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட் 3' கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. ஆனால் அது தனியாள் விளையாட்டு; சிகிச்சைத் திரையைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும், நிதானமாகத் தோட்டாவை எடுத்துக் கட்டுப் போடலாம். பலர் ஒன்றாக ஆடும் போரில் அந்த நிதானம் யாருக்கும் கிடைக்காது.

போர்க்கள மருத்துவத்தைக் கொஞ்சம் படித்தால் இதைவிட நல்ல அமைப்பு கையில் கிடைக்கும். இன்று பல நாட்டு ராணுவங்கள் பின்பற்றும் முறை சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் கட்டம் குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்கும்போது: திருப்பிச் சுட வேண்டும், மறைவுக்குப் போக வேண்டும், உயிரைப் பறிக்கும் ரத்தக்கசிவு இருந்தால் கையையோ காலையோ இறுக்கும் பட்டையைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது கட்டம் மறைவுக்குள் வந்த பிறகு: மூச்சுப் பாதை, மார்புக் காயம், உடல் குளிர்ந்துபோகாமல் காப்பது. மூன்றாவது, களத்திலிருந்து அப்புறப்படுத்துவது.

விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இது தானாக வந்த பரிசு. என்ன மருந்து என்ற கேள்வி பின்னுக்குப் போய், இப்போது எங்கே இருக்கிறோம், யார் நமக்காகச் சுட்டுக் காக்கிறார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. காலில் இறுக்குப் பட்டை கட்டப்பட்டவர் உயிரோடு இருப்பார், ஆனால் அந்தக் காலில் ஓட முடியாது. அவரை இழுத்துச் செல்ல இன்னொருவர் தேவை. இழுப்பவரால் சுட முடியாது. நான்கு பேர் கொண்ட குழு ஒரே தோட்டாவில் இரண்டு பேராகச் சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டு மருந்துகளால் இந்த அழுத்தத்தைத் தர முடியாது.

உடலைப் பல பாகங்களாகப் பிரிப்பதில் தவறில்லை, ஒவ்வொரு பாகமும் வேறு விதமாக வலித்தால். 'எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்' உடலை ஏழு பாகங்களாகப் பிரிக்கிறது. கால் செயலிழந்தால் நொண்ட வேண்டும்; வயிறு செயலிழந்தால் உடலின் நீரும் சக்தியும் வேகமாக வடியும். காயம் தாகத்தோடு பேசுகிறது, தாகம் வழித்தேர்வோடு பேசுகிறது. எந்தப் பாகத்தில் பட்டாலும் விளைவு ஒன்றுதான் என்றால் ஒரே உயிர்ப் பட்டை போதும்.

எதிரிக்குப் பசிக்காமல் இருப்பது

விளையாடுபவருக்கு மட்டும் தாகம் எடுத்து, கணினி இயக்கும் எதிரிகள் ஆண்டுக்கணக்கில் தூங்காமல் உண்ணாமல் காவல் நின்றால், அந்த அம்சங்கள் உலகத்தின் விதியாக இல்லாமல் அவர்மீது மட்டும் விதிக்கப்பட்ட அபராதமாக மாறிவிடுகின்றன. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது.

மேலே சொன்ன 'மெட்டல் கியர் சாலிட் 3' இதை அழகாகக் கையாண்டது. எதிரியின் உணவுக் கிடங்கை வெடிவைத்துத் தகர்த்தால் அந்தப் பகுதிக் காவலர்கள் பசியால் சோர்ந்துபோவார்கள். பக்கத்தில் உணவை வீசினால் எடுத்துத் தின்பார்கள், கெட்டுப்போனதாக இருந்தாலும். பசி அங்கே ஓர் ஆயுதம்.

வரலாற்றிலும் இதற்கு வலுவான சான்று உண்டு. 1944 மார்ச்சில் இம்பால், கோஹிமாவை நோக்கிப் புறப்பட்ட ஜப்பானியப் படைகள் ஏறக்குறைய மூன்று வார உணவோடுதான் கிளம்பின. மீதியை எதிரியின் கிடங்குகளைப் பிடித்து ஈடுசெய்யலாம் என்பது திட்டம். அந்தக் கிடங்குகள் கைக்கு வரவில்லை. கோஹிமாவில் போரிட்ட 31-ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோ, மேலிடக் கட்டளையை மீறிப் படையைப் பின்வாங்கச் செய்தார். திரும்பும் வழியில் பசிக்கும் நோய்க்கும் மாண்டவர்கள் ஏராளம். இப்படியொரு போரை விளையாட்டாக்கும்போது எதிரியின் கோவேறு கழுதைத் தொடரைத் தடுப்பது, கோட்டையை நேரே தாக்குவதைவிடக் கூர்மையான மிஷனாக இருக்கும்.

நம் பக்க விநியோகமும் அப்படியே. 'ஃபாக்ஸ்ஹோல்' என்ற விளையாட்டில் தோட்டாவும் சீருடையும் தானாக முளைப்பதில்லை. விளையாடுபவர்களே மூலப்பொருளைத் தோண்டி, ஆலையில் செய்து, லாரியில் ஏற்றிக் களமுனைக்கு ஓட்டிவருகிறார்கள். லாரி ஓட்டுவதையே விரும்பிச் செய்யும் கூட்டம் அங்கே இருக்கிறது. விநியோகம் சலிப்பூட்டும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள்.

மீள முடியாத சரிவு

தாகம் எடுத்தால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் தண்ணீரை எட்ட நேரம் கூடுகிறது. அதற்குள் தாகம் முற்றுகிறது. இந்தச் சுழலுக்குள் விழுந்தவர் இருபது நிமிடம் கழித்துச் சாகப்போவது உறுதி என்றால், அந்த இருபது நிமிடமும் வீண். எந்தக் கட்டத்திலும் ஆபத்தான, விலை கொடுத்து வாங்கும் ஒரு வெளியேறும் வழி இருக்கட்டும்: தோழனின் குடுவையில் பாதி, சுத்திகரிக்காத குட்டைநீர், எதிரி முகாமின் தண்ணீர்த் தொட்டி. குட்டைநீர் குடித்தால் நாளை வயிற்றுப்போக்கு வரலாம். ஆனால் இன்று நடக்க முடியும்.

துப்பாக்கி பழுதாவது

இதில் பலர் அளவு மீறுகிறார்கள். நல்ல ராணுவத் துப்பாக்கியின் குழல் ஆயிரக்கணக்கான தோட்டாக்களைத் தாங்கும். இருநூறு முறை சுட்டதும் உடைந்து விழுந்தால் எந்த விளையாடுபவரும் நம்பமாட்டார். 2008-இல் வந்த 'ஃபார் கிரை 2'-இல் எதிரியிடமிருந்து எடுத்த துருப்பிடித்த துப்பாக்கி நடுச்சண்டையில் சிக்கிக்கொள்ளும். வியாபாரியிடம் வாங்கியது புதிதாக இருக்கும். துருவை முன்கூட்டியே கண்ணால் பார்க்க முடிந்ததால், எடுப்பதா விடுவதா என்பது விளையாடுபவரின் பொறுப்பாயிற்று. பழுதுக்கு இந்த முன்னறிவிப்பு கட்டாயம் வேண்டும். சேறு, மணல், துடைக்காமல் விட்ட இரவு என்று காரணம் கண்ணுக்குத் தெரியட்டும்.

அதே விளையாட்டில் மலேரியாவும் உண்டு. அவ்வப்போது பார்வை மங்கும், மாத்திரை போட வேண்டும், மாத்திரை தீர்ந்தால் அதற்கென்று தனியாக ஒரு வேலைக்குப் போக வேண்டும். சண்டையின் போக்கோடு ஒட்டாமல் தனியே நின்றதால் அது எனக்கு இடையூறாகவே தெரிகிறது. நோய் வேண்டுமென்றால் கொசுவலை, சதுப்பு நிலம், முகாமிடும் இடம் ஆகியவற்றோடு அதைக் கட்டுங்கள்.

திரையை நிரப்புவது

ஏழு பட்டைகள் மினுங்கும் திரையில் எதிரியைத் தேடுவது கடினம். வறண்ட இருமல், குறிபார்க்கையில் நடுங்கும் கை, வயிற்றின் உறுமல், கனக்கும் காலடி ஆகியவை எண்களைவிட நன்றாகப் பேசும். ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதும் தவறு. ஏன் செத்தோம் என்று புரியாதவர் மறுபடி விளையாட வரமாட்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் வீரர் தன் உடலையும் குடுவையையும் பார்த்துக்கொள்ளும்படி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம்.

எல்லார்மீதும் ஒரே அளவைத் திணிப்பது

'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 2010-இல் பசி, தாகம், தூக்கம், தோட்டாவின் எடை எல்லாவற்றையும் தனி முறையாக வைத்தது, வேண்டியவர் தேர்ந்தெடுத்தார். 'கோஸ்ட் ரீகான் பிரேக்பாயிண்ட்' 2019 அக்டோபரில் காயம், முகாம், குடுவை என்று உயிர்பிழைத்தலை முன்னிறுத்தி வந்தது. ஆனால் ஆயுதங்களின் தரத்தை எண்ணால் குறிக்கும் முறையும் கூடவே இருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. 2020 மார்ச்சில் வந்த புதுப்பிப்பில் அந்த எண்ணை நீக்கிக்கொள்ளவும், காயத்தின் வாய்ப்பு, கட்டுத்துணியின் எண்ணிக்கை, உயிர் மீளும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கவும் வசதி தந்தார்கள்.

அந்தத் தனித்தனி அமைப்புகளைத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். தாகத்தை முழுவதும் அணைத்துவிட்டு ஒரு மிஷனை ஓட்டிப் பாருங்கள். பாதையும் பையின் எடையும் எதிரியோடு மோதும் இடமும் மாறாமல் அப்படியே இருந்தால், உங்கள் விளையாட்டில் தாகத்துக்கு இன்னும் வேலை கொடுக்கப்படவில்லை. எண்களைத் திருத்துவதால் அது சரியாகாது. வரைபடத்துக்குத் திரும்பிப்போய், தண்ணீர் எங்கே இருக்கிறது, அதற்கும் இலக்குக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.