புது வீட்டில் விரிசலும் ஓதமும்: பட்டி பூசும் முன் செய்ய வேண்டியவை

தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபுகும் வீட்டின் குறைகள், சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் ஒருமுறை கண்ட பிறகே வெளியே தெரியத் தொடங்குகின்றன. கட்டித் தந்தவரை அழைத்தால், பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பார். உடனே சம்மதிக்காதீர்கள். காரணம் தெரியாமல் மூடிய விரிசல் மீண்டும் திறக்கும். அதற்குள் உங்கள் கையில் இருந்த சான்றும் அழிந்திருக்கும்.

முதல் வேலை, குறையைப் பதிவு செய்வது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதியை எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலோ, அகலம் கூடியிருந்தாலோ, அது வளர்கிற விரிசல்.

அடுத்து, விரிசலின் இடத்தையும் போக்கையும் கவனியுங்கள். வலை பின்னியதுபோல் பரவிய மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு வேகமாகக் காய்ந்து சுருங்கியதால் வருபவை. போதிய நாள் தண்ணீர் விடாத சுவரில் இவை அதிகம். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடினால், அங்கே கம்பி வலை அடிக்காமல் பூசியிருக்கலாம். இவ்விரண்டும் பொதுவாகக் கட்டடத்தின் பலத்தைக் குறைப்பதில்லை என்றாலும், வேலைக் குறைகளே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, நாளாக ஆக அகலும் விரிசல்தான் கவலைக்குரியது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காணப்படும் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் இயல்புடையது. அந்த அசைவு எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் போகாவிட்டால், சுவர் ஒரு பக்கமாக இறங்கும். இப்படிப்பட்ட விரிசல் தெரிந்தாலோ, பீமிலும் தளத்திலும் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தாலோ, கட்டியவரோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து எழுத்துமூலமான அறிக்கை பெறுங்கள். அவருக்குத் தரும் கட்டணத்தை வீண்செலவாக நினைக்க வேண்டாம். பின்னால் எங்கே முறையிட்டாலும் முதலில் கேட்கப்படுவது அந்த அறிக்கையாகத்தான் இருக்கும்.

ஓதம், அதாவது சுவரிலும் கூரையிலும் ஊறும் ஈரம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே அதன் காரணத்தைக் காட்டும். தரையிலிருந்து ஏறி வெள்ளையாக உப்புப் பூத்தால், அடித்தளத்தில் ஓதத் தடுப்பு இல்லாமலோ சரியாகப் போடாமலோ இருக்கலாம். உப்புத் தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் கலவை போட்டிருந்தாலும் உப்புப் பூக்கும். கூரையில் ஓதம் கண்டால், மொட்டை மாடியில் வாட்டம் (தண்ணீர் வடிவதற்கான சரிவு) சரியில்லாமல் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். குளியலறைத் தரையில் வடிகுழாயை அடைத்து, ஓரங்குல உயரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் நிறுத்தினால், கீழ்ச்சுவரிலோ பக்கத்து அறையிலோ கசிவு தெரிந்துவிடும்.

பிறகு, குறைகளை அறைவாரியாக எழுதி, படங்களையும் அறிக்கையின் நகலையும் இணைத்து, கட்டியவருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் நிற்காது.

கட்டி விற்ற நிறுவனத்திடம் வாங்கிய வீடு என்றால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாட்களில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. செய்யாவிட்டால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். சொந்த நிலத்தில் இன்ஜினியரிடமோ மேஸ்திரியிடமோ ஒப்பந்தம் பேசிக் கட்டியவர்கள், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் மாநில ஆணையம். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், கட்டியவரின் வாய்வார்த்தையை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

அவர் சரிசெய்ய ஒப்புக்கொண்டால், எந்த முறையில், எந்தப் பொருளால், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அன்றே குறை ஏதுமில்லை என்று கையெழுத்துக் கேட்டால், ஒரு மழைக்காலம் கடந்த பின் தருவதாகச் சொல்லுங்கள்.