26 அங்குலத்தில் ஒரு விஞ்ஞானியின் இளமை

பள்ளிக் கண்காட்சியில் விஞ்ஞானிகள் சார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு படம், கீழே விருதுப் பட்டியல். பார்க்க வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்க அதில் ஒன்றும் இருக்காது. விருதுக்கு முந்தைய வருஷங்களை வரையுங்கள். சென்னையில் படித்தவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

28க்கு 22 அங்குல முழு சார்ட்டைப் படுக்கைவாட்டில் வையுங்கள். இரு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு, நடுவில் 26 அங்குலக் கோடு. ஓர் அங்குலம் ஒரு வயது. கால் அங்குலம் மூன்று மாதம். முதலில் பென்சிலால் மட்டும் குறியுங்கள்.

ராமானுஜனுக்கு இந்த அளவு கச்சிதமாகப் பொருந்தும். 1887 டிசம்பர் 22, ஈரோட்டில் பிறப்பு: பூஜ்யம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, உதவித்தொகையை இழக்கிறார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1911இல் முதல் கட்டுரை அச்சாகிறது. 1912 மார்ச் 1இல் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். 1914 மார்ச் 17இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவது 26¼இல், ஓரத்து வெற்றிடத்தில் விழும். 1907க்கும் 1911க்கும் நடுவே இடம் காலியாகத் தெரிந்தால் படம் ஒட்டி மறைக்காதீர்கள். பட்டம் இல்லை, நிலையான வேலை இல்லை. அந்த வெறுமைதான் செய்தி.

தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. ராமானுஜன் தேறாதது எஃப்.ஏ.; அது மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய இரண்டாண்டுப் படிப்பு, ஏறக்குறைய இன்றைய பிளஸ் ஒன், பிளஸ் டூ. ‘டிகிரியில் ஃபெயில்’ என்று எழுதினால் பிழை. சேத்துப்பட்டுக் கட்டடத்தைப் படமெடுத்து ‘ராமானுஜன் படித்த இடம்’ என்று ஒட்டுவதும் பிழைதான்: பச்சையப்பன் கல்லூரி அங்கே போனது 1940இல், அவர் காலத்தில் அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. சி.வி. ராமன் எம்.ஏ. முடித்தது சென்னை மாநிலக் கல்லூரியில், 1907இல், 18 வயதில். ஆனால் அவர் ‘ராமன் விளைவை’க் கண்டது 1928இல் கல்கத்தாவில், சென்னையில் அல்ல. வானிலை விஞ்ஞானி அன்னா மணியும் மாநிலக் கல்லூரி மாணவிதான். பெங்களூரில் ராமனிடம் ஆய்வு செய்தும், முதுகலைப் பட்டம் இல்லாததால் அவருக்கு முனைவர் பட்டம் தரப்படவில்லை. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடாதீர்கள்.

பிழையைப் பிடிக்க எளிய வழி: ஒவ்வொரு குறிக்கும் கீழே வயதை எழுதிப் பிறந்த மாதத்தோடு ஒத்துப்பாருங்கள். வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர். கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டது 1930 ஜூலை. கழித்தால் 20 போலத் தோன்றும், வயது 19தான்.

படங்களைத் திரவப் பசையால் ஒட்டினால் சார்ட் சுருங்கும். இருபக்க டேப் போதும். ஆண்டுகளை அரை அங்குல உயரத்தில் எழுதினால் நான்கடி தள்ளி நின்றும் வாசிக்கலாம்.

மூன்று சார்ட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக, பூஜ்யங்கள் நேராக வரும்படி தொங்கவிடுங்கள். 13ஆம் அங்குலத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்பு நூல். அந்த நூல் தொடும் இடத்தில் ராமானுஜன் கும்பகோணம் டவுன் பள்ளியில், ராமன் மெட்ரிகுலேஷன் முடித்து விசாகப்பட்டினத்தில் கல்லூரியில், சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்.