எண்ணெய்ப் பணம் ஓர் அரசை என்ன செய்கிறது என்று கண்டறிவது எப்படி

நிலத்தடியில் எண்ணெயோ வைரமோ உள்ள ஒரு நாட்டின் ஆட்சித் தரத்தை எடைபோட விரும்புவோர், இருப்பின் அளவிலிருந்து தொடங்க வேண்டாம். அரசின் வருவாயில் குடிமக்களின் வரி எவ்வளவு என்பதையே முதலில் பாருங்கள். வரி கட்டுகிறவர்கள் கணக்குக் கேட்பார்கள். அவர்களிடம் கையேந்தாமலே கருவூலம் நிரம்பும்போது, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆட்சியாளருக்குத் தளர்ந்துவிடுகிறது.

அடுத்து, செல்வம் வந்தபோது அரசு எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். 1969-இல் எண்ணெய் கிடைத்தபோது நார்வேயில் நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் நன்கு வேரூன்றியிருந்தன. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது: 1966-இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானா மிக ஏழை நாடாக இருந்தும், கனிம உரிமையைக் குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டத்தை 1967-லேயே இயற்றி, பின்னாளில் வைரத்துக்காக மூண்டிருக்கக்கூடிய பூசலைத் தவிர்த்துக்கொண்டது.

மூன்றாவதாக, பணத்துக்கான விதியை யார், எவ்வளவு எளிதாக மாற்ற முடியும் என்று கேளுங்கள். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். சாட் நாட்டின் எண்ணெயைக் கேமரூன் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் திட்டத்துக்கு உலக வங்கியின் கடனைப் பெறுவதற்காக, 1999-இல் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நேரடி எண்ணெய் வருவாயில் 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு, எஞ்சியதில் பெரும்பகுதி கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளுக்கு என்று அது வகுத்தது. 2003-இல் எண்ணெய் பாயத் தொடங்கியது. 2006-இல் சட்டம் திருத்தப்பட்டு, வருங்கால நிதி ஒழிக்கப்பட்டது. முன்னுரிமைத் துறைகளில் பாதுகாப்பும் சேர்ந்தது. 2008-இல் சாட் கடனை முன்கூட்டியே அடைக்க, வங்கி விலகியது.

இதற்கு நேர்மாறாக, எண்ணெய் நிதியிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற நார்வேயின் 2001-ஆம் ஆண்டு விதி சட்டமே அல்ல, கட்சிகள் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்தான். அப்போது நிதியின் மதிப்பில் 4 சதவீதமாக இருந்த வரம்பு 2017-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே விதியின் வாசகத்தோடு நின்றுவிடாமல், அதை மீறினால் கேள்வி கேட்கும் எதிர்க்கட்சியும் செய்தித்தாளும் தணிக்கையாளரும் அந்நாட்டில் இருக்கிறார்களா என்று தேடுங்கள்.

இறுதியாக, எண்ணெய், எரிவாயு, சுரங்கத் துறைகளுக்கான பன்னாட்டு வெளிப்படைத்தன்மை அமைப்பில் அந்நாடு சேர்ந்திருந்தால் அதன் அறிக்கையை எடுத்து, நிறுவனங்கள் கொடுத்ததாகச் சொல்லும் தொகையையும் அரசு பெற்றதாகச் சொல்லும் தொகையையும் அருகருகே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும், அந்தப் பணம் வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கும்வரை தேடலை நிறுத்தாதீர்கள்.