விளையுள் விசையும் இயக்கமும்: மேசையில் செய்து பார்க்கும் முறை

ஒரு பொருளின் மீது ஒரே நேரத்தில் தாக்கும் விசைகள் யாவற்றையும், அவற்றின் பருமனோடு திசையையும் கருத்திற்கொண்டு கூட்டினால் கிடைப்பதே விளையுள் விசை. பொருள் ஓடிக்கொண்டிருப்பதற்கே இவ்விசை தேவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இயக்கத்தை மாற்றுவதற்கே தேவை.

கொளுக்கி பூட்டிய மரக்குற்றியின் மேல் அரிசிப் பொதியை வைத்து மொத்தத் திணிவை 2 கிலோகிராமாக்குங்கள். விசையின் அலகான நியூற்றனில் அளவு குறித்த இரண்டு விற்றராசுகளையும் (இழுவிசையை அளக்கும் சுருள்வில் தராசுகள்) எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கிடையாகப் பிடித்தபடியே முள்ளைப் பூச்சியத்துக்குச் சரிசெய்வது அவசியம்.

படி 1: குற்றியை இருபுறமும் 6 நியூற்றனால் இழுங்கள், அது அசையாது. வலப்புற இழுவையை 8 நியூற்றனாக்கினாலும் அசையாது. ஏனெனில், மிகுதி 2 நியூற்றனை மேசையின் உராய்வு இடப்புறமாகத் தாக்கி ஈடுசெய்கிறது.

படி 2: இடப்புறத் தராசைக் கழற்றிவிட்டு, வலப்புற இழுவையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஏறத்தாழ 6 நியூற்றனில் குற்றி நகரத் தொடங்குகிறது என்று கொள்வோம். நகர்ந்தபின் சீரான வேகத்தில் இழுத்துச் செல்ல 5 நியூற்றனே போதுமாக இருக்கும். நல்லூர்த் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு, தேரைக் கிளப்புவதுதான் கடினம் என்பது கைகளாலேயே தெரியும். இழுவையும் 5, உராய்வும் 5. குற்றி ஓடுகிறது, ஆனால் விளையுள் விசை பூச்சியம். இப்படியை அவசரப்படாமல் பலமுறை செய்து பாருங்கள். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

படி 3: இழுவையை 9 நியூற்றனில் நிலைநிறுத்துங்கள். விளையுள் விசை 4 நியூற்றன். ஐசாக் நியூற்றன் 1687இல் வெளியிட்ட இரண்டாம் விதிப்படி அதைத் திணிவால் வகுத்தால், ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) செக்கன் வர்க்கத்துக்கு 2 மீற்றர். ஓய்விலிருந்து புறப்படும் குற்றி 1 மீற்றர் தூரத்தை 1 செக்கனில் கடந்துவிடும் என்பதால், மேசையின் மறுமுனையில் ஒருவர் அதைப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

படி 4: ஓடும்போதே இழுவையை விட்டுவிடுங்கள். பின்னோக்கிய உராய்வு மட்டும் எஞ்சுவதால், குற்றி செக்கன் வர்க்கத்துக்கு 2.5 மீற்றர் அமர்முடுகலுடன் (வேகம் குறையும் வீதத்துடன்) நின்றுவிடும்.

படி 5: பொதிகளைச் சேர்த்துத் திணிவை 4 கிலோகிராமாக்குங்கள். இப்போது உராய்வும் 10 நியூற்றனாக இரட்டிக்கும். ஆகவே முன்னைய 4 நியூற்றன் விளையுள் விசையைப் பெற 14 நியூற்றனால் இழுக்க வேண்டும். அப்போதும் ஆர்முடுகல் பாதியாகி 1 ஆகவே இருக்கும். பழையபடி 9 நியூற்றனால் இழுத்தால், நிலையாக இருக்கும் குற்றி அசையவே மாட்டாது; உராய்வும் அதே 9 நியூற்றனால் அதைப் பின்னோக்கிப் பிடித்து நிறுத்தும்.