திரை எரியாத டிரைவை மல்டிமீட்டரால் சோதிக்கும் முறை

பிசான நெல் களத்தில் குவிந்து கிடந்த நேரத்தில், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் 30 கிலோவாட் ப்ளோயர் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), திரையில் ஓர் எழுத்துக்கூடக் காட்டாமல் நின்றுவிட்டது. ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் எரிந்துவிட்டதென்று தீர்மானித்து நான் புதிய மாட்யூலை வரவழைத்தேன், எரிந்தது அதுவன்று.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். 415 வோல்ட் மும்முனை மின்சாரம் டி.சி.யாக மாறும்போது உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஏறத்தாழ 587 வோல்ட் நிற்கும். டிரைவின் மூடியில் அச்சிட்டிருக்கும் நிமிடங்கள் கழிந்த பிறகு, பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு இடையே மீட்டரை வைத்து, மின்னழுத்தம் முழுவதும் இறங்கிவிட்டதை உறுதிசெய்யுங்கள். திரை அணைந்திருப்பதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

அடுத்து, உள்வரும் ஒயர்களையும் மோட்டார் கேபிளையும் கழற்றுங்கள். உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பைச் சோதிக்கும் மெகரை மோட்டாருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். டிரைவில் வைத்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஐ.ஜி.பி.டி. என்ற டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தாலும் போய்விடலாம். தானாக மோடு மாற்றும் மீட்டரைவிட, டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) சோதிக்கும் மோடைக் கையால் திருப்பி வைக்கும் மீட்டரையே நான் விரும்புகிறேன்.

டயோடு மோடில், மீட்டரின் சிவப்பு முனையை மின்சாரம் உள்வரும் ஆர், எஸ், டி டெர்மினல்கள் ஒவ்வொன்றிலும், கறுப்பைப் பிளஸ்ஸிலும் வையுங்கள், 0.3 முதல் 0.6 வோல்ட் வரை வர வேண்டும். பின்னர்ச் சிவப்பை மைனஸில் வைத்து, கறுப்பை மூன்றிலும் மாற்றிப் பாருங்கள். முனைகளைத் தலைகீழாக்கினால், கெப்பாசிட்டர் ஏறும் வரை எண் கூடிக்கொண்டே போய் முடிவில் ஓ.எல். (மின்சாரம் பாயவில்லை என்பதற்கான குறி) காட்டும். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனைகளிலும் இதே வரிசைதான். இரு திசையிலும் சுழி காட்டினால் ஷார்ட். ஐ.ஜி.பி.டி.யைத் தூண்டும் காலான கேட் நன்றாக இருக்கிறதா என்பதை இச்சோதனை சொல்லாது.

நான் இடறிய இடம் பிளஸ் பக்கம். மூன்று முனைகளிலும் ஓ.எல். வந்ததும் மூன்று டயோடுகளும் போயின என்று முடிவுகட்டினேன். மைனஸ் பக்கம் பழுதின்றி இருக்க, பிளஸ் பக்கத்து மூன்றும் ஒரே நேரத்தில் திறந்துபோவது அரிது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். உண்மையில் ரெக்டிஃபையரின் பிளஸ்ஸுக்கும் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் நடுவே, சுவிட்ச் போட்டவுடன் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. நான் தொட்டது அதற்கு அப்பாலிருந்த டெர்மினலை. கெப்பாசிட்டர் நிறைந்ததும் அந்த ரெசிஸ்டரைத் தாண்டிப் பாதை கொடுக்க வேண்டிய காண்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்சின் கம்பிச்சுருள் அறுந்துபோனதால், சுமை முழுவதும் ரெசிஸ்டர் வழியே ஓடி, அது கருகியிருந்தது. காண்டாக்டரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் கருகியிருக்கும். ஆகவே பிளஸ் பக்கம் ஓ.எல். வந்தால், மூடியைத் திறந்து ரெக்டிஃபையர் மாட்யூலின் காலிலேயே மீட்டரை வைத்து மறுபடி அளவெடுங்கள். டி.சி. சோக்கை (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் சுருள்) இணைக்கும் தகடு கழன்றிருந்தாலும் இதே தோற்றம்தான் வரும்.

பின்சேர்க்கை: தூத்துக்குடியில் பெரிய டிரைவ்களைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர், தம்மிடமிருந்த டிரைவில் பிளஸ் பக்கம் மாட்யூலின் காலிலும் ஓ.எல். வருவதாக எழுதினார். பெரிய டிரைவ்கள் பலவற்றில் பிளஸ் பக்கத்து மூன்றும் டயோடுகளல்ல, கேட்டில் தூண்டினால் மட்டுமே மின்சாரம் விடும் தைரிஸ்டர்கள். கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பும் வேலையை அவையே பார்க்கின்றன. கேட்டில் தூண்டல் இல்லாதபோது தைரிஸ்டர் இரு திசையிலும் ஓ.எல். காட்டுவது இயல்பு. மாட்யூலின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தில் கேட் கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.