இன்டர்வியூ ஆங்கிலத்துக்கு ஆத்தங்குடிக் கல்

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பலர் சுய அறிமுகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தால் போதும், தொடர்பு அறுந்துவிடும். வரிகள் வேண்டாம். ஊர், படிப்பு, ப்ராஜெக்ட், தெரிந்த மென்பொருள், விரும்பும் வேலை என ஐந்து சொற்களை மட்டும் சீட்டில் எழுதி, ஒரு நிமிடம் பேசுங்கள். 110 முதல் 130 ஆங்கிலச் சொற்கள் தாராளம்.

அடுத்த பயிற்சிக்கு ஆத்தங்குடிக் கல்லை, அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் வண்ணத் தரைக் கல்லை, பேசும் பொருளாக எடுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைப்பது, வண்ணக் கலவை ஊற்றுவது, மேலே மணல் சிமென்ட் போடுவது, தண்ணீரில் ஊறவிடுவது: இதை வெளியூர்க்காரருக்குச் சொல்வதுபோல் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். ஒரு வேலையை வரிசைப்படி விளக்குவதுதான் ப்ராஜெக்ட் கேள்விக்கும் தேவை.

பதிவை மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் தவறு காதில் விழாது. பெரும்பாலும் சறுக்குவது இறந்தகால வினையில்தான். உச்சரிப்புக்காக அமெரிக்கப் பாணியை இழுத்துப் பேச வேண்டாம், அது வேகத்தைக் கூட்டிச் சொற்களை விழுங்க வைக்கும். தடுமாறிய இடத்தை மட்டும் மூன்று முறை திரும்பச் சொல்லுங்கள், முழுவதையும் அல்ல.